அவருக்குத்தான் தெரியும்

காவல் நிலையத்தில் 'கேடி' என்றால் ஒரு பொருள். சென்னை ஓஎம்ஆர் சாலையில் வரிசையாக நிற்கும் கண்ணாடிக் கட்டடங்களுக்குள் அதே சொல்லுக்கு வேறு பொருள். வேலையை விட்டுப் போகிறவர், தனக்குத் தெரிந்ததையெல்லாம் தன் இடத்துக்கு வருகிறவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவதற்கு அங்கே கேடி என்று பெயர். 'நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர்' என்பதன் சுருக்கம். "கேடி முடிஞ்சுதா?" "ரெண்டு செஷன் ஆச்சு, இன்னும் ஒண்ணு பாக்கி" என்ற பேச்சு காதில் விழாத ஐ.டி. அலுவலகம் அபூர்வம்.

பல நிறுவனங்களில் நோட்டீஸ் காலம் 90 நாள் வரை நீளும். கேடி மட்டும் பெரும்பாலும் கடைசி ஓரிரு வாரங்களில்தான் நடக்கும். போகிறவரின் மனம் அதற்குள் புது வேலைக்குப் போயிருக்கும். வருகிறவருக்கோ எதைக் கேட்க வேண்டும் என்பதே தெரிந்திருக்காது. இருவரும் ஒரு திரையைப் பார்த்தபடி சில மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் 'கேடி முடிந்தது' என்று ஒரு கட்டத்தில் டிக் விழும். மூன்று மாதம் கழித்து ஒரு நள்ளிரவில் சர்வர் விழுந்துவிட, எழுப்பப்பட்டவர்கள் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு ஒரே வாக்கியத்தைச் சொல்வார்கள்: "அது அவருக்குத்தான் தெரியும்."

தகவலைச் சேமிக்கவும் தேடவும் பகிரவும் ஊருக்கெல்லாம் கருவி செய்து தரும் துறை இது. வங்கிக் கணக்கிலிருந்து ரயில் டிக்கெட் வரை நினைவில் வைத்திருக்கும் இயந்திரங்களைப் பராமரிப்பவர்கள், அந்த இயந்திரங்களைப் பற்றித் தங்களுக்குத் தெரிந்ததை மட்டும் ஏன் தலைக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள்? சொல்லித்தர மனமில்லாமல் ஒளித்து வைப்பவர்கள் மிகச் சிலரே. பெரும்பாலும் அந்த அறிவின் தன்மையே அப்படி.

ஒரு ஐ.டி. துறைக்குத் தெரிந்திருக்க வேண்டியவற்றில் ஒரு பகுதியைச் சுலபமாக எழுதிவிடலாம். எந்த சர்வரில் எந்த மென்பொருள் ஓடுகிறது, பேக்கப் எங்கே போய்ச் சேருகிறது, இரவில் அழைப்பு வந்தால் போனை எடுக்க வேண்டியவர் யார் என்பதெல்லாம் அந்த வகை. கைக்குச் சிக்காதது மற்றொரு பகுதி. மாதக் கடைசியில் சம்பளக் கணக்கு ஓடும்போது ஒரு எச்சரிக்கை வரும், அதைக் கண்டுகொள்ள வேண்டாம். அதே எச்சரிக்கை மாத நடுவில் வந்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டும் என்பது போன்ற விஷயங்கள். பாட்டியிடம் ரசத்துக்கு அளவு கேட்டால், "துளி பெருங்காயம் போடு, நுரை கட்டினதும் இறக்கிடு" என்பார். எவ்வளவு துளி என்பது அவர் விரலுக்குத் தெரியும். பல வருடம் ஒரே மென்பொருளோடு குடித்தனம் நடத்தியவரிடமும் அப்படியொரு கைப்பக்குவம் உண்டு.

டென்மார்க்கைச் சேர்ந்த கணினி அறிஞர் பீட்டர் நௌர் இதை 1985இல் ஒரு கட்டுரையில் விரிவாக வாதிட்டார். ப்ரோகிராம் என்பது எழுதிவைத்த வரிகள் மட்டும் இல்லை. அதை எழுதியவர்களின் மனதில் உருவாகியிருக்கும் ஒரு முழுமையான புரிதல்தான் அதன் உயிர் என்பது அவர் கட்சி. அந்தக் குழு கலைந்துவிட்டால், வரிகளும் ஆவணங்களும் அப்படியே இருந்தாலும் ப்ரோகிராம் இறந்துவிட்டதாகவே கொள்ள வேண்டும் என்றார். கொஞ்சம் அதிகப்படியாகத் தோன்றலாம். ஆனால் 'கோபோல்' (COBOL) என்ற பழைய கணினி மொழியில் நாற்பது வருடம் முன்பு எழுதிய ப்ரோகிராம் ஒன்றைத் திருத்தும் வேலை யாருக்காவது கிடைத்திருந்தால், அவர் நௌரின் பக்கம்தான் நிற்பார். 2020 ஏப்ரலில் கொரோனாவால் வேலையிழந்தவர்களின் விண்ணப்பங்கள் குவிந்தபோது, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில ஆளுநர் ஃபில் மர்ஃபி பத்திரிகையாளர் கூட்டத்திலேயே கோபோல் தெரிந்த தன்னார்வலர்கள் தேவை என்று கேட்க வேண்டி வந்தது. கணினிகள் இருந்தன. அவற்றைப் புரிந்தவர்கள் ஓய்வு பெற்றிருந்தார்கள்.

அப்படியானால் இந்த அறிவைக் கைமாற்றவே முடியாதா? முடியும் என்று காட்டிய மிக அழகான உதாரணம், நம் ஊரில் ஒவ்வொரு பஸ் ஸ்டாண்டிலும் பெயர்ப்பலகையாகத் தொங்கும் ஜெராக்ஸ் நிறுவனத்திலிருந்து வருகிறது.

1980களில் அந்த நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் ஜூலியன் ஆர் என்ற மானுடவியலாளர் இருந்தார். காட்டுக்கும் மலைக்கும் போகாமல், அலுவலகம் அலுவலகமாகப் போய் நகல் இயந்திரம் பழுது பார்க்கும் தொழிலாளிகளுடன் சுற்றினார் அவர். நிறுவனம் ஒவ்வொருவருக்கும் தடிமனான கையேடு கொடுத்திருந்தது. இன்ன பிழை எண் காட்டினால் இன்ன பாகத்தை மாற்று என்று படிப்படியாகச் சொல்லும் கையேடு. ஆனால் இயந்திரங்கள் கையேட்டைப் படித்துவிட்டுக் கெட்டுப்போவதில்லை. இயந்திரம் காட்டிய பிழை எண்ணுக்கும் உண்மையான பழுதுக்கும் தொடர்பே இல்லாத ஒரு வழக்கை ஆர் பதிவு செய்திருக்கிறார். தொழிலாளியும் அவருக்கு உதவ வந்த நிபுணரும் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, இதற்கு முன் தாங்கள் பார்த்த இயந்திரங்களின் கதைகளை மாறி மாறிப் பேசினார்கள். பேச்சு நீண்டது. ஒரு கதையின் துண்டு இன்னொரு கதையின் துண்டோடு பொருந்தியபோது பழுது பிடிபட்டது.

இந்தத் தொழிலாளிகள் காலை உணவுக்கும் மதிய உணவுக்கும் ஒன்றாகக் கூடிப் பேசுவார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது வேலை நேரத்தில் அரட்டை. ஆர் பார்த்ததோ ஒரு வகுப்பறையை. அங்கே பேசப்பட்டதெல்லாம் 'நேற்று ஒரு மெஷின் என்ன பாடு படுத்தியது தெரியுமா' என்ற கதைகள்தான். 1996இல் அவர் ஆய்வு நூலாக வந்தது.

ஜெராக்ஸ் இதிலிருந்து ஒரு பாடம் கற்றுக்கொண்டது. 1990களில் 'யுரேகா' என்ற திட்டம் உருவானது. பிரான்ஸில் அது முதலில் வேர்விட்டபோது இணையம் அங்கே பரவலாகவில்லை. வீடுகளில் தொலைபேசி இணைப்போடு இயங்கிய மினிடெல் என்ற திரைப்பெட்டிகள் வழியாகவே திட்டம் ஓடியது. ஒரு தொழிலாளி கையேட்டில் இல்லாத ஒரு தீர்வைக் கண்டுபிடித்தால் எழுதி அனுப்புவார். மேலதிகாரிகள் அதைத் தொடமாட்டார்கள். அனுபவம் மிக்க சக தொழிலாளிகள் சோதித்துப் பார்த்து, சரி என்றால் எல்லாருக்கும் வெளியிடுவார்கள். இதற்குப் பணம் கொடுக்கலாமா என்ற யோசனை வந்தபோது தொழிலாளிகள் வேறொன்று கேட்டார்கள். குறிப்புக்குக் கீழே எழுதியவரின் பெயர் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

பிரேசிலில் ஒரு பொறியாளர், சரிப்படுத்தவே முடியாத ஒரு வண்ண நகல் இயந்திரத்தைத் தூக்கிவிட்டுப் புதிது வைக்கும் நிலைக்கு வந்துவிட்டார். அதன் விலை சுமார் 40,000 டாலர். கடைசி முயற்சியாக யுரேகாவில் தேடியபோது கனடாவின் மாண்ட்ரியலிலிருந்து ஒருவர் எழுதிய குறிப்பு கிடைத்தது. ஒரு டாலர்கூடப் பெறாத ஒரு சிறு பாகத்தை மாற்றினார். இயந்திரம் ஓடியது. ஒருவரை ஒருவர் பார்த்தேயிராத இரண்டு பேர், ஒரு கண்டத்தின் அனுபவத்தை இன்னொரு கண்டத்துக்குக் கொடுத்த கதை இது.

பெயரா, பணமா என்ற கேள்வியை இந்தியாவில் இன்ஃபோசிஸ் வேறு வழியில் சந்தித்தது. 2000ஐ ஒட்டிய வருடங்களில் 'கே-ஷாப்' என்ற உள் தளத்தை அது தொடங்கியது. ஒரு வாடிக்கையாளருக்காகக் கற்றதை மறுபடி எல்லா இடத்திலும் பயன்படுத்த வேண்டும் என்பது நோக்கம். ஊழியர்களை எழுத வைக்க, கட்டுரைக்கும் மதிப்பீட்டுக்கும் 'அறிவு நாணயம்' போன்ற புள்ளிகள் தரப்பட்டன. புள்ளிகளைப் பரிசாக மாற்றிக்கொள்ளலாம். எழுத்து மளமளவென்று குவிந்தது. சிக்கலும் கூடவே வந்தது. புள்ளிக்காக எழுதப்பட்டவை பெருகின. நல்லதையும் சாதாரணமானதையும் பிரித்தறிய முடியவில்லை, தரம் பார்ப்பவர்கள் திணறினார்கள், வேண்டியவர்களுக்கு மதிப்பெண்ணை வாரி வழங்குவதும் நடந்தது. நிறுவனம் பிறகு பணப் பரிசுக்கும் புள்ளிக்கும் இருந்த முடிச்சைத் தளர்த்தி, படித்துப் பயனடைந்தவர்களின் கருத்துக்கு எடை கூட்டியது. ரகு கரூட், அருண் குமாரசுவாமி என்ற இரு ஆய்வாளர்கள் இந்த அனுபவத்தை 2005இல் விரிவாக எழுதியிருக்கிறார்கள். தவறை ஒப்புக்கொண்டு திருத்திய நிறுவனம் என்ற வகையில் இன்ஃபோசிஸுக்கு இது பெருமைதான்.

கருவிகளுக்குப் பஞ்சமில்லை. அமெரிக்க ப்ரோகிராமர் வார்ட் கன்னிங்ஹாம் 1995 மார்ச்சில் முதல் விக்கியை உருவாக்கியதே, மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் நுட்பங்களைப் பகிர்ந்துகொள்ளத்தான். ஹொனலுலு விமான நிலையத்தில் ஓடிய 'விக்கி விக்கி' பேருந்திலிருந்து பெயரை எடுத்தார். ஹவாய் மொழியில் 'சீக்கிரம்' என்று பொருள். இன்று நாம் பார்க்கும் விக்கிப்பீடியா அந்தக் குறிப்பேட்டின் பேரப்பிள்ளை. இப்போது ஏறக்குறைய எல்லா ஐ.டி. துறையிலும் ஏதோ ஒரு விக்கி இருக்கிறது. இரவில் பிரச்சினை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்லும் 'ரன்புக்' இருக்கிறது. ஒவ்வொரு புகாருக்கும் டிக்கெட் இருக்கிறது. இருந்தும் அறிவு ஏன் நழுவுகிறது என்பதற்கு இரண்டு விபத்துகளைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, நைட் கேப்பிடல். நியூ ஜெர்சியில் இருந்த பங்கு வர்த்தக நிறுவனம். 2012 ஆகஸ்ட் 1 காலை, நியூயார்க் பங்குச் சந்தையின் ஒரு புதிய திட்டத்துக்காகத் தன் மென்பொருளை மாற்றியிருந்தது. எட்டு சர்வர்களில் புது ப்ரோகிராமைப் போட வேண்டும். போட்டவர் ஏழில் போட்டார், ஒன்று விட்டுப்போனது. இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்று எழுதிவைத்த நடைமுறை எதுவும் அங்கே இல்லை. விட்டுப்போன அந்த எட்டாவது சர்வருக்குள் 2003லேயே பயன்பாட்டை நிறுத்திய ஒரு பழைய ப்ரோகிராம் தூங்கிக்கொண்டிருந்தது. அதை எழுப்பும் பழைய சுவிட்சைத்தான் புது ப்ரோகிராமும் மறுபடி பயன்படுத்தியிருந்தது.

சந்தை திறந்தது. எட்டாவது சர்வர் கண்மூடித்தனமாக வாங்கவும் விற்கவும் தொடங்கியது. திறப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பிருந்தே அந்தப் பழைய ப்ரோகிராமின் பெயரைக் குறிப்பிட்டு 97 தானியங்கி மின்னஞ்சல்கள் ஊழியர்களுக்கு வந்திருந்தன. அவை எச்சரிக்கை என்று யாருக்கும் தோன்றவில்லை. பதற்றத்தில், சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புது ப்ரோகிராமை எடுத்துவிட்டார்கள்; அவையும் எட்டாவதைப் போலவே நடக்கத் தொடங்கின. சுமார் 45 நிமிடத்தில் 46 கோடி டாலருக்கும் மேல் நஷ்டம். அடுத்த வருடம் அந்த நிறுவனம் இன்னொன்றோடு இணைந்தது. பழைய ப்ரோகிராமும் பழைய சுவிட்சும் நிறுவனத்தின் சொந்தப் பிள்ளைகள். ஒன்பது வருடத்தில் வீட்டாருக்கே அவற்றின் முகம் மறந்துபோயிருந்தது.

இரண்டாவது கதை, கிட்லேப். ப்ரோகிராமர்கள் தங்கள் வேலையைச் சேமித்துவைக்கும் ஒரு பெரிய சேவை. 2017 ஜனவரி 31 இரவு. நெதர்லாந்தில் இருந்த ஒரு பொறியாளர், இரண்டாவது தரவுத்தள சர்வரை முதல் சர்வரோடு மறுபடி இணைக்கப் போராடிக்கொண்டிருந்தார். இணைக்கும் கட்டளையைக் கொடுத்தால் திரையில் எதுவும் வராமல் அப்படியே நின்றது. மாட்டிக்கொண்டது என்று நினைத்தார். பாதியில் கிடக்கும் பழைய கோப்புகள்தான் தடை என்று அவற்றை அழிக்க முடிவு செய்தார். அழித்தது இரண்டாவது சர்வரில் இல்லை, முதல் சர்வரில். ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தினார். சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது நாலரை ஜிபி.

பேக்கப் இருக்கும் என்று தேடினார்கள். ஐந்து வித பாதுகாப்புகளில் ஒன்றுகூட நம்பகமாக இயங்கவில்லை. தினசரி பேக்கப் போய்ச் சேர வேண்டிய இடம் காலியாக இருந்தது. மென்பொருள் பதிப்பு ஒத்துப்போகாததால் அது நாட்கணக்கில் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களோ வேறொரு கோளாறால் திருப்பி அனுப்பப்பட்டுவிட்டன. வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்துவைத்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத்தில் வாடிக்கையாளர்கள் செய்த பதிவுகள் போயின.

இதில் நெஞ்சைத் தைக்கும் விவரம் ஒன்று, பிறகு கிட்லேப் தானே வெளியிட்ட அறிக்கையில் இருக்கிறது. கட்டளை மாட்டிக்கொள்ளவே இல்லை. முதல் சர்வர் தரவை அனுப்பத் தொடங்கும்வரை அது சத்தமில்லாமல் காத்திருக்கும். அதன் இயல்பே அதுதான். அந்த நேரத்தில் அங்கே இல்லாத இன்னொரு பொறியாளருக்கு இது தெரிந்திருந்தது. கிட்லேப்பின் ரன்புக்கில் அந்த ஒரு வரி இல்லை. மென்பொருளின் அதிகாரபூர்வ விளக்கத்திலும் தெளிவாக இல்லை. "பொறுங்கள், இது கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கும்" என்று யாராவது எழுதிவைத்திருந்தால் அந்த இரவு சாதாரணமாக விடிந்திருக்கும்.

பேக்கப்பை ஏன் யாரும் சோதிக்கவில்லை என்ற கேள்விக்கும் அந்த அறிக்கை ஒளிக்காமல் பதில் சொன்னது: அது இன்னாருடைய பொறுப்பு என்று யாருக்கும் கொடுக்கப்படவில்லை. பெரும்பாலான அலுவலகங்களில் அறிவுக்கும் இதே கதிதான். விக்கி எல்லாருக்கும் சொந்தம். ஆகவே யாருக்கும் சொந்தமில்லை. நாலு வருடம் முன்பு எழுதிய பக்கம், இல்லாமல் போன சர்வரின் பெயரோடு அப்படியே கிடக்கும். பழைய பக்கம் ஒன்றுமே இல்லாததைவிட ஆபத்து, ஏனென்றால் அவசரத்தில் இருப்பவர் அதை நம்பிவிடுவார். அலுவலகக் கோப்புகளைப் படித்துப் பதில் சொல்லும் ஏஐ உதவியாளர்கள் இப்போது பரவுகின்றன. அவற்றால் தேடும் நேரம் நிச்சயம் மிச்சம். எழுதாமல் விட்ட வரியை அவற்றாலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது; பழைய பக்கத்தைப் புதியது போலத் தன்னம்பிக்கையோடு சொல்லவும் கூடும்.

கிட்லேப்பின் நடத்தையில் பாராட்ட வேண்டியது நிறைய. மீட்பு வேலை நடக்கும்போதே குறிப்புகளைப் பொதுவில் திறந்துவைத்தார்கள். யூடியூபில் நேரலையாகக்கூடக் காட்டினார்கள். இறுதி அறிக்கையில் அந்தப் பொறியாளரின் பெயர் இல்லை, 'குழு உறுப்பினர் 1' என்றுதான் இருக்கிறது. யார் செய்தார் என்று துரத்தாமல், எது அவரை அப்படிச் செய்ய வைத்தது என்று கேட்டார்கள்.

ஐ.டி. உலகில் இதற்குப் பழி சுமத்தாத போஸ்ட்மார்ட்டம் என்று பெயர். மருத்துவமும் விமானப் போக்குவரத்தும் முன்பே கண்டறிந்த வழி. எட்ஸி என்ற அமெரிக்க இணைய அங்காடியில் பணியாற்றிய ஜான் ஆல்ஸ்பா 2012இல் இதை வலியுறுத்தி எழுதினார். தவறு செய்தவர் தண்டனைக்குப் பயந்தால் நடந்ததை மறைப்பார். மறைத்தால் மற்றவர்கள் கற்க முடியாது. அதே தவறு மறுபடி நடக்கும். எட்ஸியில் வருடத்துக்கு ஒருமுறை, எதிர்பாராத விதத்தில் தளத்தைச் சாய்த்த பொறியாளருக்கு மூன்று கை வைத்த ஸ்வெட்டர் ஒன்றைப் பரிசாகக் கொடுத்துவந்தார்கள். கூகுளில் பழைய விபத்து ஒன்றை எடுத்து, புதிதாக வந்தவரை அன்றைய இரவுப் பொறுப்பாளராக உட்காரவைத்து, நாடகம் போல மறுபடி நடத்திப் பார்க்கிறார்கள். 'இப்போது இந்த அலாரம் அடிக்கிறது, என்ன செய்வாய்?' என்று மூத்தவர் கேட்பார். ஜெராக்ஸ் தொழிலாளிகள் காலை உணவு மேஜையில் செய்ததும் ஏறக்குறைய இதுவே. கதை சொல்லிக் கற்பது.

2021 அக்டோபர் 4 இன்னொரு பாடத்தையும் கொடுத்தது. ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் உலகெங்கும் நின்றுபோயின. பழுதைக் கண்டுபிடிக்கப் பொறியாளர்கள் பயன்படுத்தும் உள் கருவிகள் பலவும் அதே நெட்வொர்க்கை நம்பியிருந்ததால் அவையும் கூடவே விழுந்தன. சாவியை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டிய கதை. அவசரக் குறிப்பேட்டின் ஒரு பிரதி, அந்தக் கட்டமைப்புக்கு வெளியே இருந்தாக வேண்டும்.

நன்றாக நடக்கும் குழுக்களில் சில பழக்கங்கள் பொதுவாகத் தெரிகின்றன. அங்கே ஒரு பிரச்சினையைத் தீர்ப்பவர், தீர்க்கும்போதே எழுதிவிடுகிறார். 'பிறகு எழுதலாம்' என்று ஒரு நாள் வருவதே இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். என்ன முடிவு எடுத்தோம் என்பதோடு, ஏன் எடுத்தோம், எதை வேண்டாம் என்று ஒதுக்கினோம் என்பதையும் அரைப் பக்கத்தில் குறித்துவைக்கிறார்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பெயர் பொறுப்பாக இருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவரின் முதல் வாரம் அங்கே பொக்கிஷம். பழகியவர் கண்ணுக்குத் தெரியாத ஓட்டையெல்லாம் புதியவர் கண்ணுக்குத்தான் தெரியும் என்பதால், ரன்புக்கைப் பார்த்து வேலை செய்யச் சொல்லி, எங்கே தடுக்கியதோ அங்கே அவரையே திருத்தச் சொல்கிறார்கள். இவை எல்லாவற்றுக்கும் நேரம் வேண்டும். அந்த நேரத்தை வேலை நேரமாகக் கணக்கில் எடுக்காத, வருடாந்திர மதிப்பீட்டில் அதற்கு ஓர் இடம் தராத நிர்வாகம் எத்தனை விக்கி வாங்கினாலும் பயனில்லை.

உங்கள் அலுவலகத்திலும் 'அவருக்குத்தான் தெரியும்' என்று சொல்லப்படும் ஒருவர் இருப்பார். பெரும்பாலும் விடுப்பில்கூட நிம்மதியாக இருக்க முடியாதவர். ஊர்த் திருவிழாவில் நிற்கும்போதும் போன் வரும். அவர் ராஜினாமாக் கடிதம் கொடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். வரும் வாரமே இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். அனுபவம் குறைந்த ஒருவரை அவர் பக்கத்தில் உட்காரவையுங்கள். கடைசியாக எது உடைந்தது, எப்படிச் சரிசெய்தார் என்று கதையாகச் சொல்லச் சொல்லுங்கள். எழுதும் வேலையை அந்தப் புதியவரிடம் கொடுங்கள். எழுதி முடித்ததும் கீழே இருவர் பெயரையும் போடுங்கள்.